எலுமிச்சை மணக்கும் கை

அவர் கை துடைக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

வேனில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வெளியே நிற்பவர்களுக்குக் கண்ணாடி வழியே ஒரு கும்பிடு போடுவார். முகம் நிறையச் சிரிப்பு இருக்கும். வண்டி பத்தடி நகர்ந்ததும் அந்தச் சிரிப்பு கழன்று விழும். துணிப்பையிலிருந்து ஈரத்தாள் பாக்கெட்டை எடுப்பார். எலுமிச்சை வாசனை போட்டது. ஒரு தாளை உருவி விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் துடைப்பார். பிறகு அதே தாளை மடித்து நெற்றியைத் துடைப்பார். இன்னொரு மடிப்பு மடித்து இரண்டு கண்ணையும் ஒற்றி எடுப்பார். கடைசியாகக் கழுத்து. கையைத் துடைத்த தாளால் கண்ணைத் துடைக்கிறாரே என்று எனக்குக் குமட்டும். அவருக்கு அது தோன்றவே தோன்றாது. ஈரமாக இருந்து எலுமிச்சை மணந்தால் அது சுத்தம், அவ்வளவுதான். முடிந்ததும் தாளை உருட்டிக் கதவுப் பைக்குள் செருகிவிடுவார். சாயங்காலம் வண்டி கழுவும்போது நான்தான் விரலை விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். பழுப்பாக, சொதசொதவென்று, அப்போதும் மணந்துகொண்டு கிடக்கும்.

நான் வேன் ஓட்டுகிறவன். வீடு கோச்சடையில். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இந்த வயதிலும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே இந்தத் தொழில் எனக்குப் பிடிக்கும். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, முதுகைக் காட்டினால் போதும்.

வருடா வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் டென்மார்க்கிலிருந்து ஒரு கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், கூட ஒரு டீச்சர். நாற்காலி, குழாய், கதவுக் கைப்பிடி போன்றவற்றை எப்படி வடிவமைப்பது என்று படிக்கிற பிள்ளைகள். கைப்பிடிக்குக்கூடப் படிப்பு இருக்கிறது என்பது அவர்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இரண்டு வாரம் மதுரையைச் சுற்றுவார்கள். டீக்கடை பாய்லரை வரைவார்கள், டவுன் பஸ் படிக்கட்டை வரைவார்கள். ஒரு பையன் என் வேனின் சைடு கண்ணாடி உடைந்து நான் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்ததை அரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் கல்லூரியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஏதாவது ஓர் இடத்தில் வேலை செய்கிறவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் செய்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பதற்கும் பதிலை இங்கிலீஷில் சொல்வதற்கும் இருந்தவர்தான் அவர். கோஆர்டினேட்டர் சார் என்போம். கே.கே. நகரில் வீடு. காலையில் கூப்பிடப் போனால் ஜீன்ஸும் ஷூவுமாக வந்து ஏறுவார். பிள்ளைகள் தங்கியிருந்த ஓட்டல் வருவதற்குள் ஷூ கழன்று தோல் செருப்பாகியிருக்கும். ஜீன்ஸுக்கு மேலே முழங்கால் வரைக்கும் கதர் ஜிப்பா இறங்கியிருக்கும். கைக்கடிகாரம் பைக்குள் போயிருக்கும். அவர் அதைச் செய்யும்போது நான் ரோட்டைப் பார்த்துக்கொள்வேன். யாரோ துணி மாற்றும்போது எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும் எனக்கு.

யாரைப் பார்க்கப் போனாலும் முதலில் அவர் மட்டும் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்வார்.

"அவங்க கேப்பாங்க. நீங்க என்ன வேணா பேசுங்க. வாய் அசைஞ்சா போதும், மத்தத நான் பாத்துக்கிறேன்."

இதை எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாமிக்குப் பூப்போடுகிற மாதிரி அவ்வளவு பணிவாகச் சொல்வார்.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் பத்து வருடம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு, பேசினால் விளங்கும். அது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பேசச் சொல்லிவிடுவார்களே என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் அவர் செய்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் போனாலும் எனக்கு மட்டும் முதல் நாளே தெரிந்துவிட்டது.

கோச்சடையைத் தாண்டி மேற்கே விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி. வயல் இருக்கிறது, போர் இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே போனில் மோட்டாரைப் போடுகிற பெட்டி வாங்கி மாட்டியிருந்தார். அதைக் காட்டத்தான் ஆசையாக நின்றார். கோஆர்டினேட்டர் சார் இறங்கிப் போய் அந்தப் பெட்டி மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

"அண்ணே, அந்தச் சட்டைய மட்டும் கழட்டிட்டு நில்லுங்க."

"ஏன், நான் என்ன குளிக்கவா போறேன்?" என்றார் சம்சாரி.

சிரித்துப் பேசியே கழற்ற வைத்துவிட்டார். பிள்ளைகளில் ஒருத்தி அவருக்கு என்ன கவலை என்று கேட்டாள். சம்சாரி பக்கத்து வயலில் பிளாட்டுக்காரர்கள் கல் ஊன்றிவிட்டதையும், வாய்க்கால் பாதையை அவர்கள் மறித்துவிட்டதையும், தாலுகா ஆபீசில் மனு கொடுத்தும் அசையாததையும் மூச்சு விடாமல் சொன்னார். அவர் கண் கலங்கிவிட்டது. கோஆர்டினேட்டர் சார் முழுதும் கேட்டுவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், இந்த மண் தன் தாய், அவளை விட்டுத் தான் எங்கும் போக மாட்டேன் என்று அவர் சொல்வதாகச் சொன்னார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

அவர் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்த எனக்கே, அந்தக் குரலில் கேட்கும்போது சம்சாரி அப்படித்தான் சொன்னாரோ என்று ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. அவ்வளவு பதமான குரல். கேட்பவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. சொல்பவர்களுக்கு எது தேவை என்று அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயரான கிறிஸ்தவ டீச்சரம்மா ஒருவர் வீட்டில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. அந்தம்மா இங்கிலீஷில் அவர்களோடு நேராகவே பேச ஆரம்பித்துவிட்டார். தண்ணி வண்டி வாரம் ஒரு தடவைதான் வருகிறது, பிளாஸ்டிக் குடத்தின் வாய் குறுகலாக இருப்பதால் பாதி தெருவில் சிந்துகிறது, அதற்கு ஒரு வழி செய்யுங்களேன் என்றார். பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிப் பார்க்கப் போய்விட்டார்கள். கோஆர்டினேட்டர் சாருக்குத் தொடை ஆட ஆரம்பித்தது. டிராபிக் ஆகிவிடும், கிளம்பலாம் என்றார். ரசம் சாதம்கூட வரவில்லை. அதற்குப் பிறகு இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் வீட்டுப் படியையும் அவர் பிள்ளைகளை மிதிக்க விட்டதில்லை.

இன்னொரு நாள் மேலூர் ரோட்டில் பிள்ளைகளில் ஒருத்தி வேனுக்குள் வாந்தி எடுத்துவிட்டாள். அவர் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து கையை நீட்டி, "தம்பி, இந்தாங்க, இத வச்சுத் தொடைங்க" என்று ஈரத்தாள் பாக்கெட்டை ஆட்டினார். கிட்டே வரவில்லை. நானும் ரோட்டைக் கடந்து போகவில்லை. தண்ணீரும் துணியும் வைத்துத் துடைத்தேன். அவர் ஆட்டிய அந்தத் தாள் வாசனையைவிட வாந்தி வாசனை பரவாயில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

இனி கிட்டங்கி கதை.

"தம்பி, பொம்பளைங்க கூட்டமா ஒக்காந்து கையால வேலை பாக்குற எடமா ஒண்ணு வேணும். கொஞ்சம் கலரா இருக்கணும்" என்று ஒரு வருடம் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் என்னிடம் கேட்டார்.

சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் சந்துக்குள், மூட்டை மூட்டையாகச் சரக்கு அடுக்கி வைக்கிற ஒரு வத்தல் கிட்டங்கி இருந்தது. பதினெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவார்கள். அவர்களில் ஒருத்தி என் மதினி. அண்ணன் இறந்த பிறகு அங்கே வேலைக்குப் போனது. இடத்தை மட்டும் சொன்னேன், மதினி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைப் பார்க்கும் பார்வையிலும் அந்தத் துடைக்கிற முகம் வந்திருக்கும்.

மதினியிடம் முதல் நாளே போய் விசயத்தைச் சொன்னேன். நீங்கள் கேட்பதைச் செய்து கொடுப்பார்கள், யோசித்து ஒன்று கேளுங்கள் என்றேன்.

"யோசிக்க என்னத்த கொழுந்தனாரே இருக்கு? கக்கூசுதான்."

அந்தக் கிட்டங்கி முற்றத்தில் ஒரே ஒரு கக்கூஸ். எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். சாவி கணக்கப்பிள்ளை மேசை டிராயரில். முதலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டும். பெண்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கட்டணக் கழிப்பிடத்துக்குப் போக வேண்டும். போய் வர நேரமானால் முதலாளி ஏசுவார். அதனால் காலையிலிருந்து யாரும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. வத்தல் நெடியில் தொண்டை காய்ந்து கிடந்தாலும் குடிப்பதில்லை. மதினி நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு தடவை படுத்தது அதனால்தான். "இந்தக் கையோட அவசரத்துக்குப் போயிட்டு வந்தா அதுக்குப் பெறகு படுற பாடு இருக்கே, அத ஆம்பளைங்ககிட்ட சொல்ல முடியாது" என்றது. பதினெட்டுப் பேரும் பேசி, கேட்டால் ஒரே வாயாக இதைத்தான் கேட்பது என்று முடிவு செய்துகொண்டார்கள்.

மறுநாள் பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் வரிசையாகத் தும்மினார்கள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆன்னா என்று ஒரு நெட்டைப் பெண், மதினி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் விரல்களை வரைந்தாள். பிறகு கேட்டாள், உங்களுக்காக ஒன்று செய்ய முடியும் என்றால் எதைச் செய்யலாம் என்று.

"என்ன வேணும்னு கேக்குறாங்கம்மா. சும்மா வாயில வர்றதச் சொல்லுங்க" என்றார் அவர்.

மதினி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. "கக்கூசு வேணும் சார். அந்தா பாருங்க, பூட்டிக் கெடக்கு. அதத் தெறந்து விட்டாலும் சரி, பொம்பளைங்களுக்குன்னு ஒண்ணு கட்டிக் குடுத்தாலும் சரி. நாங்க தண்ணி குடிச்சு வேலை பாக்கணும் சார். அம்புட்டுத்தான்."

மற்றவர்கள் ஆமா சார், ஆமா சார் என்றார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். கோஆர்டினேட்டர் சாரின் மூக்கு லேசாகச் சுருங்கி விரிந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அந்தப் பதமான குரல் வந்தது. தலைமுறை தலைமுறையாக இவர்கள் தரையில்தான் உட்கார்ந்து வேலை செய்கிறார்களாம். முதுகு வலிக்கிறதாம். தரையை விட்டு ரொம்ப உயராமல், தூக்கிப் போக லேசாக, ஓர் இருக்கை இருந்தால் சந்தோசப்படுவார்களாம்.

பிள்ளைகள் முகம் மலர்ந்துவிட்டது. இருக்கை! அவர்கள் படிப்பே அதுதானே. அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டார்கள். மதினி எழுந்து நின்று ஆன்னாவைக் கையெடுத்துக் கும்பிட்டது. நான் வாசலில் தண்ணீர் பாட்டில் பெட்டியோடு நின்றேன். பெட்டியைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வேனில் அவர் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "சார், அந்தம்மா சொன்னதச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம இருப்பனா தம்பி? எல்லாம் சொல்லியாச்சு." கண்ணை ஒற்றிக்கொண்டார். "அதோட, இவங்க இம்புட்டு தூரம் பிளைட் ஏறி வந்தது கக்கூசப் பாக்கவா?"

சாயங்காலம் மதினி என் வீட்டுக்கே வந்துவிட்டது. "சொல்லிட்டாராய்யா?"

"சொல்லிட்டாரு மதினி."

அது எவ்வளவு லேசாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர் பொய்க்காவது ஒரு குரல் இருந்தது, ஒரு பயிற்சி இருந்தது. என் பொய்க்குப் பயத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

ஒரு வருடம் மதினி காத்திருந்தது. அந்த வருடத்தில் இன்னொரு தடவை காய்ச்சலில் படுத்தது. படுக்கையில் கிடந்துகொண்டு, "தைப் பொறக்கட்டும், வந்துருவாங்கல்ல" என்றது என்னிடம்.

தை பிறந்தது, வந்துவிட்டார்கள். அதே டீச்சர், ஆன்னா, போன வருடத்துப் பிள்ளைகளில் இன்னும் நாலைந்து பேர். பதினெட்டு ஸ்டூல். மரமும் நாடாவும் வைத்துப் பின்னிய, மடக்குகிற ஸ்டூல். அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. முதலாளி பார்த்ததுமே இரண்டை எடுத்துத் தன் காரில் வைக்கச் சொல்லிவிட்டார். மிச்சத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள். வத்தல் குவியல் கீழே இருக்கிறது, ஆள் மேலே இருக்கிறாள். ஒவ்வொரு வத்தலுக்கும் குனிய வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாகத் தரைக்கு இறங்கிவிட்டார்கள்.

மதினி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. எதுவும் விளங்காமல் என்னைப் பார்த்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அப்போதே அதற்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஆன்னா குனிந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒக்காந்து ஒண்ணுக்குப் போக முடியாதேம்மா" என்றது மதினி.

பதினெட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கிழவி சிரித்துத் தும்மி, தும்மிச் சிரித்து, பக்கத்திலிருந்தவள் மேல் சாய்ந்துவிட்டாள். எனக்கும் வாயை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

இவ்வளவு சந்தோசமாக இருக்கிறார்களாம், உங்களை வாழ்த்துகிறார்களாம் என்றார் கோஆர்டினேட்டர் சார்.

ஆன்னா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சிரித்ததைக் கவனித்துவிட்டாள். நேராக என்னிடம் வந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அவர் என்னை முந்திக்கொண்டு, டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்றார்.

"நோ இங்கிலீஷ் மேடம்" என்றேன் நானும்.

டீச்சர் போட்டோவுக்கு ஏற்பாடு செய்தார். கோஆர்டினேட்டர் சார் ஒரு ஸ்டூலை மதினிக்குக் கொடுக்கிற மாதிரி, இரண்டு பேரும் கைகுலுக்குகிற மாதிரி. அவர் யாருக்கும் கை கொடுக்க மாட்டார். எங்கே போனாலும் முந்திக்கொண்டு கும்பிடு போடுவதே அதற்காகத்தான். அன்றைக்குத் தப்ப முடியவில்லை.

"கை வத்தக் கை சார், வேணாம்" என்றது மதினி.

அவர் என்றைக்கு அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கினார்? "பரவால்லம்மா, பரவால்ல" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். மதினியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டார். நாலைந்து படம் எடுத்தார்கள்.

எடுத்து முடிந்ததும் அவரால் வேன் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பாக்கெட்டை எடுத்தார். விரல் விரலாகத் துடைத்தார். மடித்து நெற்றியைத் துடைத்தார். இன்னொரு மடிப்பு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சார் என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

இரண்டு கண்ணையும் ஒற்றினார்.

அந்த அலறல் சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும். தாளைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினார். பெண்கள் எழுந்துவிட்டார்கள். "கசக்காதீங்க சார்! தண்ணி விடாதீங்க, எரிச்சல் கூடும்! எண்ணெ இருக்கு, எண்ணெ!" அவர் எதையும் கேட்கவில்லை. தண்ணி, தண்ணி என்று முற்றத்தில் ஓடினார். பெண்கள் யாரும் தண்ணீர் கொண்டுவருவதில்லை, என் பாட்டில் பெட்டி இன்னும் இறக்காமல் வேனுக்குள் இருந்தது. அங்கே குழாய் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அந்தக் கதவில் போய் மோதி, தடவி, பூட்டைப் பிடித்து இழுத்தார்.

"சாவி! சாவி எங்க?"

"கணக்கப்பிள்ளை சாப்புடப் போயிருக்காரு" என்றாள் ஒருத்தி.

"வேற சாவி இல்லையா? தெறங்கய்யா! எம்புட்டு நேரம் நிக்கிறது?" இரண்டு கையாலும் கதவை அடித்தார்.

மதினி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. "அதத்தான சார் போன வருசமும் கேட்டோம்."

டீச்சர், ஆன்னா, மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பூட்டைப் பார்த்தார்கள், மதினியைப் பார்த்தார்கள். என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் கதவில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

நான் ஆன்னா முன்னால் போய் நின்றேன். அப்போது இருந்த பயம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஐந்தாவது வகுப்பில் கணக்கு வாத்தியார் போர்டுக்குக் கூப்பிட்டபோது வந்த அதே பயம்.

"மேடம்," என்றேன். "லாஸ்ட் இயர் திஸ் லேடி ஆஸ்க் டாய்லெட். நோ ஆஸ்க் ஸ்டூல். ஆல் லேடி ஆஸ்க் டாய்லெட். ஆல்வேஸ் லாக். ஆல் டே நோ வாட்டர் டிரிங்க்."

ஆன்னா கையிலிருந்த ஸ்டூலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

மதினி தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து, முந்தானை நுனியை நனைத்து, அவரைப் படியில் உட்கார வைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தச் சேலை, எந்தக் கை என்று அப்போது பார்க்கவில்லை.

இத்தோடு அவர் கதை முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார். நம் ஊரில் ஆண்கள் முன்னால் பெண்கள் இந்தப் பேச்சைப் பேசுவதே மானக்கேடு, அந்தப் பெண்களின் மானத்தைக் காப்பதற்காகத்தான் அதை மறைத்துச் சொன்னேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஆன்னா மட்டும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவள் என்ன கேட்பதானாலும் என்னைத்தான் கேட்டாள். எனக்கு வியர்த்துக்கொட்டும், இருந்தாலும் சொன்னேன். வத்தக் கையால் குழாயைத் தொட முடியாது என்று மதினி சொன்னதைச் சொன்னேன். மறுநாளே முழங்கையால் தள்ளினால் திறக்கிற குழாய் ஒன்றை வரைந்து கொண்டுவந்தாள். தாழ்ப்பாளும் அப்படியே முழங்கைக்குத்தான். உள்ளே எண்ணெய் பாட்டில் வைக்க ஒரு மாடம். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு செய்யத் தெரிகிறது என்று பார்த்தபோதுதான், அவர் ஏற்கெனவே கெடுத்ததெல்லாம் எவ்வளவு என்று எனக்கு விளங்கியது.

கொத்தனார் வைத்து, பிள்ளைகளும் கூட நின்று, ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பெண்களுக்கென்று ஒரு கக்கூசைக் கட்டி முடித்தார்கள். இனாமாக வருவதால் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திறப்பு அன்றைக்கு, கதவில் தொங்கிய புதுப் பூட்டின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாவி ஆபீஸ்ல இருக்கட்டும். இல்லாட்டி வேலையப் போட்டுட்டு இங்கனயேதான் நிப்பாளுக" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. மதினியின் முகம் விழுந்துவிட்டது. கட்டியும் பூட்டித்தான் கிடக்கப் போகிறது.

கோஆர்டினேட்டர் சார் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். அதே குரல். இந்தப் பெண்களின் ஊமைக் குரலைக் கேட்கத் தான் இரண்டு வருடம் பாடுபட்டதாகவும், முதலாளி பெரிய மனதுக்காரர் என்றும், இந்த நாளை மறக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

"என்ன கொழுந்தனாரே சொல்றாரு?" என்று மதினி சத்தமாகவே கேட்டது.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

"இந்தச் சாவி இனிமே பொம்பளைங்க கையிலதான் இருக்குமாம் மதினி" என்றேன். குரல் நடுங்கவில்லை. "மொதலாளி அய்யா அவராவே முன்வந்து அதுக்கு ஒத்துக்கிட்டாராம். அவரு மனசத்தான் பாராட்டிப் பேசுறாரு."

சரியாக அந்த நேரம் பேச்சு முடிந்து பிள்ளைகள் கைதட்டினார்கள். பெண்களும் தட்டினார்கள், ஒருத்தி குலவை போட்டாள். முதலாளி கைதட்டுகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்தார், கேமராக்களைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, சாவியை எடுத்து மதினியிடம் கொடுத்தார். மதினி அதை இடுப்பில் செருகிக்கொண்டது.

கோஆர்டினேட்டர் சார் என்னைப் பார்த்தார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருந்தது. மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் அவர் என் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மெதுவாகச் சிரித்தார்.

வேன் கிளம்பிப் பத்தடி நகர்ந்தது. அந்தச் சிரிப்பு கழன்று விழவில்லை. பாக்கெட்டை எடுத்தார், ஒரு தாளை உருவினார், என் பக்கம் நீட்டினார்.

"இந்தாங்க தம்பி. நல்லாப் பேசுறீங்க."

என் கை சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தும் வாங்கிக்கொண்டேன். சிக்னலில் வண்டி நின்றபோது, விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் துடைத்தேன்.